எருத்தேம்பதிக் கொட்டகையில் கிடந்த ஹெரால்டு

எனக்கு வேண்டியிருந்தது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்துக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டு ஓட்டலாம், பானட் தனியாக இல்லாமல் இரண்டு பக்க மட்கார்டோடும் விளக்கோடும் சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். பத்து வருஷமாக மனதில் இருந்த வண்டி. கையில் இருந்தது மூன்று லட்சம் ரூபாய். கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிச் சேர்த்த பணம் அது. நம் நாட்டில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களே குறைவு, வைத்திருப்பவர்கள் விற்பதில்லை, விற்றாலும் அந்த விலை என் கைக்கு எட்டாது. இரண்டு வருஷம் தேடிய பிறகுதான் இது புரிந்தது.

தேடியதில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. ஸ்பிட்ஃபயர் ஒன்றும் வானத்திலிருந்து வந்த வண்டி இல்லை. ட்ரையம்ப் கம்பெனி 1959-இல் ஹெரால்டு என்று ஒரு குடும்பக் காரை விட்டது. இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. அதன் சேஸிஸை, அதாவது அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, கொஞ்சம் குட்டையாக்கி, மேலே புது பாடி வைத்து 1962-இல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர், அதை வரைந்ததும் அவரே. முன் சஸ்பென்ஷன், பின்னால் குறுக்கே போகும் ஸ்பிரிங் பட்டை, ஸ்டியரிங் என அடியில் இருக்கிற முக்கால்வாசி ஹெரால்டுதான். அந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்திருக்கிறார்கள். நம் அப்பாக்கள் காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ அதுதான். பானட் அதிலும் மொத்தமாகத்தான் கவிழும். சரி, ஸ்பிட்ஃபயர் கிடைக்காவிட்டால் அதன் அண்ணனையாவது பிடிப்போம் என்று முடிவு செய்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓட்டிவிட்டேன், அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. என் போல மூன்று லட்சத்தோடு நிற்கிறவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பார்த்த வண்டி சாவக்காட்டுப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். சிவப்பு பெயிண்ட் கண்ணாடி மாதிரி, முகம் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் எடுத்தது. விற்றவர் “சேட்டா, ஒண்ணும் நோக்கண்டா, கேறி இருந்நு ஓடிச்சா மதி” என்றார், ஒன்றும் பார்க்க வேண்டாம், ஏறி உட்கார்ந்து ஓட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார், நான் அங்கேயே பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனேன். எழுபது வயது தாண்டியவர், ஹெரால்டு ரோட்டில் ஓடிய காலத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராக இருந்தவர். அவர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன காந்தம். காந்தம் கதவின் கீழ்ப்பாகத்தில் ஒட்டவில்லை, மேலே ஒட்டியது. அப்படியென்றால் கீழே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசும் புட்டிதான். அப்புறம் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் இரும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணி மாதிரி கேட்கிறது. மூன்றாவது கை ‘தொப்’ என்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவது போலக் கைப்பிடி வரை இறங்கியது. உள்ளிருந்து செம்மண் மாதிரி துரு அவர் நெற்றியில் கொட்டியது. “கண்ணு, இது காரில்லை, பெயிண்டைத் தூக்கி நிறுத்தி வெச்சிருக்காங்க” என்றார்.

அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. ஐயாயிரம் போனது. போகட்டும், அந்த ஐயாயிரத்துக்கு எனக்கு ஹெரால்டு பார்க்கத் தெரிந்துவிட்டது.

இந்தச் சேஸிஸ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், விலை பேசுவதே இதை வைத்துத்தான். இன்றைய கார்களில் பாடியும் சேஸிஸும் ஒரே கூடு. ஹெரால்டில் அடியில் தனி சேஸிஸ், அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்தச் சமயம் இங்கிலாந்தில் பாடி செய்து தரும் பெரிய கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது, ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லாமல்தான் ட்ரையம்ப் பழைய முறைக்கே போனது. நமக்கு அது நல்லதாகப் போயிற்று. கதவு மக்கிப் போனால் வேறு கதவு மாட்டலாம், பானட் மொத்தத்தையும் கழற்றி வெளியே வைத்து வேலை செய்யலாம், டிங்கரிங் ஆள் ஒருவர் போதும். ஆனால் சேஸிஸும், பாடியைத் தாங்கும் அந்தக் கைகளும், டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் அடிப்பகுதியும் போய்விட்டால் வண்டி மொத்தத்தையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். மூன்று லட்சத்தில் அது நடக்காது. அதனால் ஹெரால்டு பார்க்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள். என்ஜினைச் சரிசெய்யக் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். மக்கிய சேஸிஸைச் சரிசெய்கிறேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கறுப்பு பெயிண்ட் பூசிக் கொடுப்பார்கள். அது இரண்டு மழைக்குத் தாங்காது.

இன்னொன்று, வண்டி எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று, மேற்கே போகப் போக மழை. எங்கள் சித்தூர் தாலூகாவின் கிழக்கு ஓரம் வேறு மாதிரி. வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி, கேரளாவில் இருக்கிறோம் என்றே தோன்றாது, தண்ணீருக்கு போர்வெல்தான். விவசாயத்துக்குக் கஷ்டம், பழைய இரும்புக்கு நல்லது. இரண்டாவதாகக் கொல்லங்கோட்டில் பார்த்த வண்டிக்கு ஆர்.சி. புத்தகமே இல்லை, அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், எருத்தேம்பதியில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் கிடந்தது. மோட்டார் ரிப்பேருக்குப் போன இடத்தில்தான் கண்ணில் பட்டது. தேங்காய் மட்டைக்கு அடியில் இரண்டு வட்ட விளக்கு.

1967 மாடல், இரண்டு கதவு, 948 சி.சி. தோப்புக்காரர் “அப்பா வண்டிங்க, அவர் போனதுக்கப்புறம் யாரும் எடுக்கலைங்க” என்றார். அப்பா இறந்தது 2009-இல். பெயிண்ட் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை, சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது, என்ஜின் இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் பெரியவர் அடியில் படுத்துத் தட்டினார். எல்லாக் கையும் ‘டங்’. வலது பக்கம் டிக்கி அடித்தகட்டில் மட்டும் ஒரு ஓட்டை. வெளியே வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் மூடித் திறந்தார். ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் முடிந்தது. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று முன்பே மனதில் கோடு போட்டு வைத்திருந்தேன். சாவக்காட்டு வண்டியில் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்ததுதான் என் தவறு.

பணம் கொடுப்பதற்கு முன் பேப்பர். எல்லையோரத்தில் வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இரட்டை வேலை. வண்டி நின்றது கேரளாவில், எண் மெட்ராஸ் மாநிலக் காலத்தது, அதாவது தமிழ்நாட்டுப் பதிவு. ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில். இப்படி இருந்தால் விற்பனைக்கான 29, 30 ஆம் படிவங்களில் நேராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், செத்தவர் கையெழுத்துப் போட முடியாது, பிள்ளை போட்டால் செல்லாது. முதலில் 31 ஆம் படிவம், அதாவது வாரிசு பெயருக்கு மாற்றுவது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். தோப்புக்காரருக்கு இரண்டு அக்காக்கள், ஒருவர் உடுமலைப்பேட்டையில், ஒருவர் பெங்களூரில். அதற்கே இரண்டு மாதம் ஆனது. அப்புறம் பழைய புத்தகத்தில் இருக்கும் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது சேஸிஸ் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள், அதைத் திருத்த நான்கு முறை நடந்தேன். திரையில் வந்ததும் ஒவ்வோர் எழுத்தாகப் புத்தகத்தோடும், வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கேயே நின்று பாருங்கள். பிறகுதான் 28 ஆம் படிவத்தில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, கேரளாவுக்கு வந்து புது எண்ணுக்கு 27 ஆம் படிவம், வரி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று.

முழுப் பணத்தையும் நான் முன்னால் கொடுக்கவில்லை. முப்பதாயிரம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, வாரிசு மாற்றம் முடிந்த அன்று மீதியைக் கொடுத்தேன். அவரும் மனம் கோணாமல் சம்மதித்தார்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ பதிவு என்று ஒன்று 2021 ஜூலையில் வந்தது, பலர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்து வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் டீ குடித்து வர வேண்டும், அதனால் சாதாரணப் பதிவிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற வழியை எடுத்தேன். வண்டியைப் பொருளாக வைத்துப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு அந்த வழி சரி, ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த வழி சரி.

வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். பிளக்கைக் கழற்றி நாலு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஆறு நாள் விட்டு, புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் ஆட்டியதில் இளகியது. அதற்கு முன்பே எல்லோரும் ஸ்டார்ட் பண்ணிப் பார், ஸ்டார்ட் பண்ணிப் பார் என்று நின்றார்கள். பெரியவர் விடவில்லை. “முன் சக்கரத்தைக் கழட்டு மொதல்ல” என்றார்.

ஹெரால்டில், ஸ்பிட்ஃபயரிலும்தான், உயிர் இருக்கும் இடம் ஒன்று உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி இறங்கியிருக்கும், அதன் பெயர் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையிலேதான் திரும்புகிறது. இந்த மரைக்குள் போக வேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில், 90 நம்பர். நம் ஆட்கள் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் அடிவரை இறங்காது, நாளாக நாளாகக் காய்ந்து கட்டியாகும், அந்த இடைவெளியில் தண்ணீர் நின்று இரும்பைத் தின்னும். எங்கள் வண்டியின் இடது பக்கத்தைக் கழற்றினோம். பித்தளைக்குள் இருந்து மெழுகு மாதிரி காய்ந்த கிரீஸ் துண்டாக வந்தது, அதன் அடியில் காப்பித் தண்ணீர் மாதிரி பழுப்பு நீர். மரையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல் பற்கள் பளபளவென்று இருந்தன, கீழே நாலு பல் கரையான் அரித்தது போல, மரை தொடங்கும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், விரல் நகம் அதில் மாட்டியது. இது உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து படுத்துவிடும், வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். நான் அந்த டெம்போவுக்குக் கொடுத்த கூலியை மிச்சம் பிடிக்க நினைத்திருந்தால் இந்தக் கீறலோடு வேலந்தாவளம் ரோட்டில் ஓட்டி வந்திருப்பேன். என் பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு பக்கமும் புதிதாகவே மாற்றினேன். பயப்பட வேண்டாம், சாமான் கிடைக்கிறது. இந்தச் சக்கரத் தாங்கியை லோட்டஸ் எலான் போன்ற பெரிய பெயர்க் கார்களுக்கும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதனால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரியும் அனுப்புக் கூலியும் சேர்த்து 41,000 ஆனது. இடது பக்க மரை வேறு திசை, வலது பக்க மரை வேறு திசை, ஆர்டர் போடும்போது இரண்டும் ஒரே பக்கத்துக்கு வாங்கிவிடாதீர்கள். பழைய சாமான் கடையில் ‘அளவு சரியா இருக்கு’ என்று எடுத்துக் கொடுப்பதை இந்த ஓர் இடத்தில் மட்டும் வாங்கவே வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. கிளட்சை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானட்டுக்குள் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் தள்ளினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் பக்கவாட்டு வாஷர் தேய்ந்துவிட்டது, அப்படியே ஓட்டினால் பிளாக்கே வீணாகும். வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள், பின் சக்கரங்களின் மேல் பாகம் ரொம்ப உள்ளே சாய்ந்திருந்தால் குறுக்குப் பட்டை தளர்ந்துவிட்டது. பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம்தான், ஒரே லைன்தான், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போகும், அதனால் ரப்பர் சாமான் எல்லாவற்றையும் பார்க்காமலே மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் டியூப் ஊறி உதிரும், பெட்ரோல் பம்பின் டயாஃபிராமும் அப்படியே, இரண்டையும் எத்தனால் தாங்கும் வகையில் போடுங்கள். ஸ்பேனர் இஞ்ச் அளவில் ஒரு செட் வாங்கிவிடுங்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லி, 13 போட்டுத் திருகினால் முதல் நாள் வரும், இரண்டாம் நாள் முனை உருண்டுவிடும்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை நானே கட்டினேன். ஆல்டர்னேட்டர் மாற்றிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. உள்ளே சுழலும் ஆர்மச்சரை வெளியே எடுத்து, எரிந்த கம்பியை வெட்டி எடுக்கும்போது சுற்று எண்ணி எழுதிக்கொண்டு, அதே கனத்தில் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்தி மாட்டினேன். பதினெட்டு வருஷமாகப் பிறர் மோட்டாரைக் கட்டிய கை, என் வண்டிக்கு அன்றைக்குத்தான் கட்டியது. டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது, சிவப்பு விளக்கு எரியும், அது பழுது இல்லை.

கணக்கு: வண்டி 1,10,000, ட்ரன்னியன் வகை 41,000, என்ஜின் போரிங், ரிங், பேரிங் எல்லாம் 55,000, பிரேக் 9,000, 13 இஞ்ச் டயர் நாலு 14,000, டிங்கரிங், பெயிண்டிங் 32,000, சீட் தையல் 16,000, பேப்பர் 19,500. மொத்தம் 2,96,500. சாவக்காட்டில் விட்ட ஐயாயிரத்தையும் சேர்த்தால் மூன்று லட்சத்தை ஆயிரத்தைந்நூறு தாண்டியது. வயரிங்குக்கும் டைனமோவுக்கும் கூலி இல்லை, அது என் வேலை. அந்த வேலை தெரியாதவர்கள் பத்தாயிரம் கூடவே வையுங்கள். பாதிப் பணத்துக்கு வண்டி வாங்கலாம் என்றுதான் நினைத்தேன், உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வண்டிக்குப் போனது. அந்தக் கணக்கே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஸ்டியரிங் கையில் ரோட்டைக் கொடுக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது, கொழிஞ்சாம்பாறைச் சந்தை நாளில் ஆட்டோ திரும்புகிற இடத்தில் திரும்புகிறது. முதல் கியரில் சின்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைச் சமமாக்கிக் கோர்க்கும் அமைப்பு, கிடையாது, வண்டி முழுக்க நிற்காமல் போட்டால் கரகரவென்று கடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, சிரமப்படாமல் இரண்டாவது கியரில் ஏறியது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு இது, வேகமாக வளைவுக்குள் போய்ப் பயந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வால் பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடி போங்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஹெரால்டு பார்க்கப் போகிறவர்கள் யாராவது வேலந்தாவளம் வழியாக வந்தால் கடைக்கு வாருங்கள். கழற்றி வைத்த அந்த இடது பக்கத் தாங்கியும் பித்தளைக் கட்டியும் மேசை மேலேயே கிடக்கின்றன. கீறல் இருக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வண்டி பார்க்கப் போங்கள்.